ஒன்பது கட்டத்துக்குள் ஒரு கட்டுமரம்

படூரில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒருவர், ஆங்கிலப் பத்திரிகையின் குறுக்கெழுத்துப் புதிரை மடியில் வைத்துக்கொண்டு பென்சிலைக் கடிப்பதாக வைத்துக்கொள்வோம். ‘இரட்டை உடல் கொண்ட படகு, எழுத்து ஒன்பது’ என்பது குறிப்பு. விடை ‘காட்டமரான்’. கேளம்பாக்கம் போய்க் கிழக்கே திரும்பினால் கோவளம். அந்தக் கடற்கரையில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கி வந்த ‘கட்டுமரம்’ என்ற சொல்தான் அது!

1913 டிசம்பர் 21ஆம் தேதி ‘நியூயார்க் வோர்ல்டு’ பத்திரிகையில் ஆர்தர் வின் என்பவர் முதல் குறுக்கெழுத்துப் புதிரை வெளியிட்டார். நம் சொல்லோ அதற்கு இருநூறு வருஷங்களுக்கு முன்பே ஆங்கிலத்தில் குடியேறிவிட்டது. சோழமண்டலக் கரைக்கு வந்துபோன வில்லியம் டாம்பியர் என்ற மாலுமி, 1697இல் அச்சான தம் பிரயாண நூலில் அதை எழுதியிருக்கிறார்.

புதிர் போடுகிறவர்களுக்கு இந்தச் சொல் ஒரு வரப்பிரசாதம். பூனை, ஒரு, கெடு, மறுபடியும் ஒரு என்று பொருள்படும் நான்கு ஆங்கிலச் சொற்களாக அதை உடைத்துவிடலாம். விடை கண்டவர் மகிழ்ந்து போவார். ஆனால் மரமும் கயிறும் அவர் நினைவுக்கு வர வேண்டிய அவசியமே இல்லை.

அகராதியைப் புரட்டினாலோ ஆச்சரியம்தான். 1804இல் நெப்போலியனின் படகுகளைத் தகர்க்க பிரிட்டிஷார் பூலோன் துறைமுகத்தருகே வெடிமருந்துப் பெட்டிகளை மிதக்கவிட்டார்கள். அதிகச் சேதம் விளையவில்லை. அந்தப் பெட்டிகளுக்கும் இதே பெயர்! பத்தொன்பதாம் நூற்றாண்டில் ‘சண்டைக்காரி’ என்றும் ஒரு பொருள் சேர்ந்தது. சொல்லின் தலையில் ஆங்கிலப் பூனை உட்கார்ந்திருப்பதுதான் காரணமோ என்னவோ! பாவம், பூனையும் இதில் நிரபராதி.

‘இரட்டை உடல்’ என்பதும் பின்னால் ஒட்டியதே. 1876இல் அமெரிக்கர் நத்தானியல் ஹெரெஷாஃப், இரண்டு மெல்லிய ஓடங்களைப் பிணைத்த ‘அமரில்லிஸ்’ என்ற பாய்ப்படகை நியூயார்க் பந்தயத்தில் ஓட்டி எல்லோரையும் பின்னுக்குத் தள்ளினார். அந்த வகைப் படகின் முன்னோர் பசிபிக் தீவுகளில் இருக்கிறார்கள். பெயர் மட்டும் தமிழ்க் கரையிலிருந்து போயிற்று.

நம் கட்டுமரத்துக்கு இரண்டு உடல் ஏது? ஓடம் போன்ற குழிவே கிடையாது. இலேசான மரங்களைச் செதுக்கி, பக்கம் பக்கமாக வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டியதுதான் அது. அலை மேலே ஏறினால் தண்ணீர் இடுக்கு வழியே வடிந்துவிடும். நிரம்பி மூழ்க இடமில்லை. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைக் காய வைப்பார்கள். சென்னையில் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன், நடுக்கடலில் நின்ற கப்பல்களுக்குக் கட்டுமரக்காரர்கள்தான் கடிதம் கொண்டுபோனார்கள். கடிதம் நனையாதிருக்க அதைத் தொப்பிக்குள் வைத்துக்கொள்வது வழக்கம்.

பெரிய அகராதிகள் இன்றும் சொல்லின் பிறப்பிடம் தமிழ் என்று நேர்மையாகவே குறிக்கின்றன. ஆனால், பொருளை மறந்தது ஆங்கிலேயர் மட்டுமா? 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரையெங்கும் கண்ணாடியிழைப் படகுகள் பெருகிவிட்டன. மரக் கட்டுமரம் அருகிவிட்டது. கட்டுமரத்தின் வடிவிலேயே கண்ணாடியிழையில் வார்த்ததும் உண்டு. அதில் கட்டும் இல்லை, மரமும் இல்லை. அதையும் ‘கட்டுமரம்’ என்றுதான் அழைக்கிறார்கள்.