செயல்மிகு பேரடைகளின் காமாக் கதிர் எழுச்சி

செயல்மிகு பேரடைகளின் காமாக் கதிர் எழுச்சி என்பது, மையத்தில் பெருநிறைக் கருந்துளையைக் கொண்ட சில விண்மீன் பேரடைகளிலிருந்து வரும் மிகு ஆற்றல் காமாக் கதிர்கள் திடீரெனப் பன்மடங்காகிப் பின்னர் தணியும் நிகழ்வு ஆகும். சில எழுச்சிகள் மாதக்கணக்கில் நீடிக்கின்றன. சில நிமிடக் கணக்கில் முடிந்துவிடுகின்றன. தவறவிட்ட எழுச்சியை மீண்டும் காண இயலாது. எனவே அந்நேரத்தில் பூமியில் எங்கேனும் இருண்ட வானத்தின் கீழ் ஒரு தொலைநோக்கி அத்திசையை நோக்கியிருக்க வேண்டும்.

தரையிலிருந்து காணும் முறை

காமாக் கதிர்கள் வளிமண்டலத்தைக் கடந்து தரையை எட்டுவதில்லை. 2008 இல் ஏவப்பட்ட ஃபெர்மி செயற்கைக்கோளில் உள்ள உணர்கருவியின் பயனுறு பரப்பு ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் மட்டுமே. ஒரு இலட்சம் கோடி எலக்ட்ரான் வோல்ட், அதாவது ஒரு டெரா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள கதிர்கள் மிக அரிதாகவே வருவதால், அப்பரப்பில் போதிய எண்ணிக்கையில் அகப்படுவதில்லை. ஆகவே வளிமண்டலமே உணர்கருவியாகக் கொள்ளப்படுகிறது.

காற்றில் நுழையும் காமாக் கதிர், எலக்ட்ரான்-பாசிட்ரான் இணையாக மாறுகிறது. அவை புதிய காமாக் கதிர்களை உண்டாக்க, அவற்றிலிருந்து மேலும் இணைகள் தோன்றி ஒரு துகள் பொழிவு உருவாகிறது. காற்றில் ஒளி செல்லும் வேகத்தைவிட இத்துகள்கள் விரைவாகச் செல்வதால், செரன்கோவ் ஒளி எனப்படும் நீலநிற ஒளி எழுகிறது. அது தரையில் ஏறத்தாழ 120 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் விழுகிறது. அவ்வட்டத்துள் எங்கு ஓர் ஆடி இருந்தாலும் நிகழ்வு பதிவாகும். அதாவது வலையின் பரப்பு ஒரு சதுர மீட்டரிலிருந்து ஏறத்தாழ 45,000 சதுர மீட்டராகிறது. ஆனால் ஒளி நீடிப்பது சில நானோ நொடிகளே. 1952 இல் இங்கிலாந்தில் கால்பிரெய்த், ஜெல்லி ஆகிய இருவரும் இவ்வொளியை முதன்முதலில் பதிவு செய்தபோது பயன்படுத்திய கருவி, ஒரு குப்பைத் தொட்டிக்குள் வைத்த சிறிய ஆடியும் ஓர் ஒளிபெருக்கிக் குழாயும்தான்.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. அண்டக் கதிர்களில் உள்ள புரோட்டான்களும் இதே ஒளியை எழுப்புகின்றன; அவற்றின் எண்ணிக்கையோ பல நூறு மடங்கு. காமாக் கதிரின் பொழிவு ஒடுங்கிய நீள்வட்டமாகவும், புரோட்டானின் பொழிவு சிதறலாகவும் படமாகும் என்பதைக் கொண்டு இவற்றைப் பிரிக்கும் வழியை 1985 இல் ஹில்லாஸ் முன்வைத்தார். அரிசோனாவின் விப்பிள் தொலைநோக்கி இம்முறையில் 1989 இல் நண்டு நெபுலாவையும், 1992 இல் மார்க்கேரியன் 421 என்ற பேரடையையும் கண்டறிந்தது.

எழுச்சிகள் கூறுவன

1996 மே மாதம் மார்க்கேரியன் 421 இன் ஓர் எழுச்சி ஏறத்தாழ அரை மணி நேரத்தில் ஏறி இறங்கியது. 2006 சூலையில் நமீபியாவின் ஹெஸ் தொலைநோக்கிகள் பி.கே.எஸ். 2155-304 இல் சில நிமிடங்களுக்குள் நிகழ்ந்த மாற்றங்களைப் பதிவு செய்தன. ஒரு பொருளின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒளி செல்லும் நேரத்தைவிட விரைவாக அப்பொருள் முழுவதும் ஒளிமாற முடியாது. ஆகவே கதிர்கள் புறப்படும் பகுதி மிகச் சிறியதாகவும், ஒளியின் வேகத்தை நெருங்கி நம்மை நோக்கி வரும் தாரையில் அமைந்ததாகவும் இருக்க வேண்டும்.

இந்தியாவில்

டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தினர் 1969 இன் இறுதியில் உதகமண்டலத்தில் சிறு ஆடிகளைக் கொண்டு இத்துறை ஆய்வைத் தொடங்கினர். அன்று அவர்கள் தேடியது துடிவிண்மீன்களை, பேரடைகளை அல்ல. பின்னர் 1980களில் பணி மத்தியப் பிரதேசத்தின் பச்மரிக்கு மாறியது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் டாக்டிக் தொலைநோக்கி 1997 இல் அபு மலையிலிருந்து மார்க்கேரியன் 501 இன் பெரும் எழுச்சியைப் பதிவு செய்தது.

லடாக்கின் ஹான்லேயில், 4,270 மீட்டர் உயரத்தில், ஏழு தொலைநோக்கிகள் கொண்ட ஹகார் 2008 இல் செயல்படத் தொடங்கியது. இது படம் எடுப்பதில்லை; ஏழு இடங்களிலும் ஒளி வந்துசேரும் நேர வேறுபாட்டைக் கொண்டு திசையைக் கணக்கிடுவது. 2010 பிப்ரவரியில் மார்க்கேரியன் 421 இன் எழுச்சியை இது கண்டது. அருகிலேயே 21 மீட்டர் விட்டமும் 1,088 ஒளிபெருக்கிக் குழாய்கள் கொண்ட படக்கருவியும் உடைய மேஸ் தொலைநோக்கி 2024 அக்டோபர் 4 அன்று திறந்து வைக்கப்பட்டது.

ஹான்லேயைத் தேர்ந்ததற்கு உயரம் மட்டுமன்றி அதன் தீர்க்கரேகையும் முக்கியமானது. அரிசோனாவில் பொழுது விடியும்போது ஹான்லேயில் இருட்டத் தொடங்குகிறது. கேனரித் தீவுகளின் லா பால்மாவில் இருட்டும்போது ஹான்லேயில் நள்ளிரவு கடந்துவிடுகிறது. இடைப்பட்ட மணிநேரங்களில் எழும் எழுச்சியை அவ்விரு இடங்களிலிருந்தும் காண முடியாது. கோவில்பட்டியை அடுத்த இடைசெவலும் ஏறத்தாழ இதே தீர்க்கரேகையில்தான் உள்ளது. மழை குறைந்த வானமும் உண்டு. ஆனால் அக்கரிசல் சமவெளியின் உயரம் ஏறத்தாழ 100 மீட்டரே. அங்கு வந்துசேரும் முன்னர் செரன்கோவ் ஒளி பரவி, தூசியிலும் ஈரத்திலும் மங்கிவிடும். உயரம் கூடக்கூட ஒளி அடர்த்தியாகக் கிடைப்பதால், ஆற்றல் குறைந்த கதிர்களையும் பிடிக்கலாம். தொலைதூரப் பேரடைகளுக்கு இது இன்றியமையாதது. அவற்றின் உயர் ஆற்றல் கதிர்கள் வழியில் விண்மீன் ஒளியுடன் மோதி அழிந்துவிடுகின்றன.

நிலவற்ற, முகிலற்ற இரவுகளிலேயே இக்கருவிகள் முழுத்திறனுடன் இயங்குவதால், ஆண்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நேரமே நோக்க முடிகிறது. அவ்வாறான நேரத்தில்தான், முறையான திறப்புக்கு முன்பே, 2022 டிசம்பர் 21 அன்றும் 2023 சனவரி 10 அன்றும் பெர்சியசு கொத்தில் உள்ள என்.ஜி.சி. 1275 பேரடையின் எழுச்சிகளை மேஸ் பதிவு செய்தது.