இகா ஸ்வியாடெக்: மட்டைக்கு நிகராக மனம்

டென்னிஸ் ஒற்றையர் ஆட்டத்துக்குக் கால வரையறை கிடையாது. தோற்கும் நிலையில் இருப்பவருக்குப் பதிலாக வேறொருவரை இறக்க முடியாது. ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையே கிடைக்கும் சில விநாடிகளில், சற்று முன் செய்த பிழையை மறந்து அடுத்த பந்துக்கு ஆயத்தமாக வேண்டிய பொறுப்பு முழுவதும் ஆடுபவரையே சாரும். இத்தகைய விளையாட்டில் மன உறுதி வேண்டும் என்பதை யாரும் மறுத்ததில்லை என்றாலும், அது பிறவியிலேயே வாய்க்கும் குணம் என்ற எண்ணமே நெடுங்காலம் நிலவியது. போலந்து நாட்டின் இகா ஸ்வியாடெக், மனத்தைப் பழக்குவதும் கைகால்களைப் பழக்குவதைப் போன்ற அன்றாட வேலையே என்பதைப் பதின்ம வயதிலேயே ஏற்று, அதை உலகறியச் சொல்லி, அந்த வழியிலேயே ஆறு கிராண்ட் ஸ்லாம் பட்டங்களை வென்றவர். ஆஸ்திரேலிய ஓபன், பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன், அமெரிக்க ஓபன் ஆகிய நான்கு பெருந்தொடர்களையே கிராண்ட் ஸ்லாம் என்பர். அவற்றின் இறுதி ஆட்டத்துக்கு 2025 வரை ஆறு முறை முன்னேறிய இகா, ஆறிலும் வென்றிருக்கிறார் என்பதே அவருடைய வாழ்க்கையை ஊன்றிக் கவனிக்கப் போதுமான காரணமாகும்.

2001 மே 31 அன்று வார்சா நகரில் பிறந்த இகாவின் வீட்டில் டென்னிஸ் மரபு எதுவும் இருக்கவில்லை. இருந்தது படகு மரபு. தந்தை டோமாஷ் ஸ்வியாடெக் துடுப்புப் படகு வீரர். 1988 சியோல் ஒலிம்பிக்கில் நால்வர் செலுத்தும் படகுப் பிரிவில் போலந்துக்காகப் போட்டியிட்டவர். குழு விளையாட்டில் ஒருவருடைய உழைப்பின் பலன் மற்றவர்களின் கைகளிலும் இருக்கிறது என்பதை அனுபவத்தால் உணர்ந்திருந்த அவர், தம் பெண்கள் இருவரும் தனிநபர் விளையாட்டிலேயே ஈடுபட வேண்டும் என்று விரும்பினார். மூத்த மகள் முதலில் நீச்சலிலும் பின்னர் டென்னிஸிலும் இறங்க, அக்காவை எப்படியாவது வென்றுவிட வேண்டும் என்ற ஆவலோடு இளையவரும் மட்டையை எடுத்தார். காயங்களால் அக்கா ஆட்டத்தைக் கைவிட்டார், தங்கை தொடர்ந்தார்.

அவருக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. போலந்தின் யாட்விகா யென்ஜெயோவ்ஸ்கா 1937இல் விம்பிள்டன், அமெரிக்கப் போட்டி இரண்டிலும் இறுதிவரை சென்று தோற்றார்; அக்னியெஸ்கா ராட்வான்ஸ்கா 2012 விம்பிள்டன் இறுதியில் செரினா வில்லியம்ஸிடம் வீழ்ந்தார். ஆயினும் ஒற்றையர் கிராண்ட் ஸ்லாம் பட்டம் என்பது போலந்து மக்களுக்கு எட்டாக்கனியாகவே இருந்துவந்தது. 2017இல் கணுக்கால் அறுவைச் சிகிச்சையால் பல மாதங்கள் ஆட முடியாமலிருந்த இகா, மறு ஆண்டே விம்பிள்டன் இளையோர் பட்டத்தையும், புவெனோஸ் ஐரிஸில் நடந்த இளையோர் ஒலிம்பிக்கில் இரட்டையர் தங்கத்தையும் வென்று திரும்பினார். ஓராண்டு கழித்து, 2019 பிரெஞ்சு ஓபனின் நான்காம் சுற்றில், அப்போதைய நடப்பு வாகையர் சிமோனா ஹாலெப் அவரை 6-1, 6-0 என்று 45 நிமிடங்களில் தோற்கடித்தார். பாரிஸின் பெரிய அரங்கில், பல்லாயிரம் பேர் பார்வையில் நிகழ்ந்த அந்தத் தோல்வியைச் சாதாரணப் பாடமாக அவர் எடுத்துக்கொண்டார் என்று சொல்லிவிட முடியாது. அது அவரை உலுக்கியது.

அந்த 2019ஆம் ஆண்டில்தான் விளையாட்டு உளவியலாளர் டாரியா அப்ரமோவிச் அவருடைய குழுவில் இணைந்தார். விளையாட்டு உளவியலாளர் என்பவர், பதற்றத்தைக் கையாளுதல், கவனத்தைக் குவித்தல், தோல்விக்குப் பின் மீளுதல் ஆகியவற்றை முறையான பயிற்சியாகக் கற்பிப்பவர். பாய்மரப் படகுப் போட்டிகளில் வீராங்கனையாகவும் பயிற்சியாளராகவும் இருந்தவர் அப்ரமோவிச் என்பதால், போட்டியாளரின் அச்சத்தை ஏட்டறிவாக மட்டும் அறிந்தவரல்லர். அதுவரை உளவியலாளரை நாடும் விளையாட்டு வீரர்கள் பெரும்பாலும் ஏதேனும் சிக்கல் முற்றிய பிறகே நாடினர். அதையும் மறைத்தே செய்தனர். இகாவோ பதினெட்டு வயதில், பெரிய பட்டம் எதையும் வெல்வதற்கு முன்பே, உளவியலாளரைத் தம்முடன் நாடு நாடாக அழைத்துச் சென்று, பயிற்சியாளருக்கும் உடற்பயிற்சியாளருக்கும் அருகில் பார்வையாளர் மாடத்தில் அமரவைத்தார். இடைவேளைகளில் துண்டைத் தலைமேல் போர்த்தி, கண்களை மூடி, மூச்சைச் சீராக்கிக்கொள்ளும் அவருடைய தோற்றம் தொலைக்காட்சி பார்ப்போருக்கு இன்று பழகிப்போனது. பிறரோடு கலகலப்பாகப் பேசுவதில் நாட்டமில்லாத, நூல் வாசிப்பில் ஆழ்ந்துபோகும் இயல்புடைய அந்தப் பெண்ணுக்கு இப்பயிற்சி எத்தகைய துணையாக இருந்தது என்பதை 2020 காட்டியது.

பெருந்தொற்றால் பிரெஞ்சு ஓபன் அவ்வாண்டு மே மாதத்திலிருந்து தள்ளிப்போய், செப்டம்பர் இறுதியில், பாரிஸின் குளிரில் தொடங்கியது. பள்ளி இறுதித் தேர்வை முடித்திருந்த இகா அப்போது உலகத் தரவரிசையில் 54ஆம் இடத்தில் இருந்தார். நான்காம் சுற்றில் மீண்டும் அதே ஹாலெப். இம்முறை 6-1, 6-2 என்று வென்றவர் இகா. இறுதியில் அவர் சோஃபியா கெனினை 6-4, 6-1 என வீழ்த்தியபோது, ஏழு ஆட்டங்களில் ஒரு செட்டைக்கூட இழக்காமல், மொத்தம் 28 கேம்களை மட்டுமே விட்டுக்கொடுத்திருந்தார். கேம் என்பது ஒருவர் சர்வீஸ் போடும் ஒரு சிறு பகுதி. ஆறு கேம்களை, குறைந்தது இரண்டு கேம் முன்னிலையுடன், முதலில் எட்டுபவர் ஒரு செட்டை வெல்வார். மகளிர் ஆட்டத்தில் இரண்டு செட்களை வெல்பவருக்கே வெற்றி. அவ்வளவு தாழ்ந்த தரவரிசையிலிருந்து எந்தப் பெண்ணும் அதற்குமுன் பாரிஸில் பட்டம் வென்றதில்லை.

அவருடைய ஆட்டம் பாரிஸில் அத்தனை எளிதாகப் பொருந்தியதற்குத் தளத்தின் இயல்பும் காரணம். பிரெஞ்சு ஓபன் நடைபெறும் களிமண் தரை, செங்கல் தூளைப் பரப்பி அமைக்கப்படுவது; பந்து அதில் பட்டதும் வேகம் குறைந்து, உயரமாக எழும்பும். இகா வலக்கையால் அடிக்கும் ஃபோர்ஹேண்ட் அடியில், மட்டையின் பிடியை நன்றாகத் திருப்பிப் பிடித்து, பந்தைக் கீழிருந்து மேலாக வாரி அடிப்பதால் அது முன்னோக்கிக் கடுமையாகச் சுழன்றபடி செல்கிறது. டாப்ஸ்பின் எனப்படும் இந்தச் சுழற்சி, பந்து வலைக்கு மேலே போதிய உயரத்தில் பறந்தாலும் எல்லைக் கோட்டுக்குள் இறங்கச் செய்வதோடு, களிமண்ணில் பட்டபின் எதிராளியின் தோளுயரத்துக்கு எழும்பவும் செய்கிறது. அவ்வளவு உயரத்தில் வரும் பந்தைப் பலமாகத் திருப்புவது யாருக்கும் கடினம். சிறுவயது முதல் அவர் போற்றிய ரஃபேல் நடாலின் ஆட்டமும் இந்த அடிப்படையில் அமைந்ததே. களிமண்ணில் சறுக்கியபடி சென்று நிலைகொள்ளும் கால்வன்மையும் இதனோடு சேரும்போது, எதிராளிக்கு மூச்சுவிட இடமில்லை. 2021 ரோம் போட்டியின் இறுதியில், முன்னாள் முதல்நிலை வீராங்கனை கரோலினா பிளிஸ்கோவா ஒரு கேமைக்கூட எடுக்க முடியாமல் 6-0, 6-0 எனத் தோற்றார்.

ஆனால் அதே பிடியும் அதே நீண்ட வீச்சும் புல்தரையில் பாதகமாயின. புல்லில் பந்து தாழ்வாகவும் விரைவாகவும் வழுக்கி வருவதால், மட்டையைப் பின்னே கொண்டுபோய் வாரி அடிக்க நேரம் கிடைப்பதில்லை. விம்பிள்டன் அவருக்கு ஆண்டுதோறும் ஏமாற்றத்தையே அளித்துவந்தது. புல்தரை அவருக்குக் கைகூடாது என்பது விமரிசகர்களிடையே முடிந்த முடிவாகவே ஆகிவிட்டிருந்தது.

2022 மார்ச்சில், முதலிடத்தில் இருந்த ஆஸ்திரேலியாவின் ஆஷ்லி பார்ட்டி 25 வயதிலேயே ஓய்வை அறிவித்து, தம் பெயரைத் தரவரிசையிலிருந்து நீக்கும்படி கேட்டுக்கொண்டார். அடுத்த நிலையில் இருந்த இகா, ஏப்ரல் 4 அன்று முதலிடம் ஏறினார். ஆண் பெண் இருபாலரிலும் ஒற்றையர் தரவரிசையின் முதலிடத்தைத் தொட்ட முதல் போலந்து நாட்டவர் அவரே. மற்றவர் விலகியதால் கிட்டிய இடம் என்ற பேச்சு எழ வாய்ப்பிருந்தது. அதற்கு அவர் இடமளிக்கவில்லை. பிப்ரவரியில் தோஹாவில் தொடங்கி, இண்டியன் வெல்ஸ், மியாமி, ஷ்டுட்கார்ட், ரோம், பாரிஸ் என அடுத்தடுத்து ஆறு போட்டிகளிலும் பட்டம் வென்ற அவர், 37 ஆட்டங்கள் தொடர்ந்து தோல்வியே காணவில்லை. அந்த ஓட்டம் முறிந்த இடம் விம்பிள்டன். முறித்தவர் அனுபவம் மிக்க பிரெஞ்சு வீராங்கனை அலிசே கோர்னே. செப்டம்பரில் ஒன்ஸ் ஜபேரை வென்று அமெரிக்க ஓபனையும் கைப்பற்றி, கடினத் தரைப் பெருந்தொடரிலும் தம்மால் முடியும் என்று இகா நிறுவினார்.

அந்த ஆண்டில்தான் அண்டை நாடான உக்ரைன்மீது ரஷ்யா முழு அளவில் போர் தொடுத்தது. இகா நீல மஞ்சள் நாடாவைத் தொப்பியில் அணிந்து ஆடத் தொடங்கினார். ஜூலையில் கிராகோவ் நகரில், உக்ரைன் குழந்தைகளுக்காக நிதி திரட்டும் காட்சி ஆட்டமொன்றையும் நடத்தினார். மனநலத்தைப் பற்றியும் அவர் வாய்மூடி இருக்கவில்லை. 2021இல் உலக மனநல நாளையொட்டி, இண்டியன் வெல்ஸில் ஈட்டிய பரிசுத்தொகையிலிருந்து 50,000 டாலரை அதற்கெனக் கொடுத்தார். இருபது வயதில் இவ்வளவு தெளிவாக ஒருபக்கம் நின்று பேசுவது, பரிசுக் கோப்பைகளைவிடக் குறைந்த தகுதியன்று.

2023இலும் 2024இலும் பாரிஸ் பட்டம் அவரிடமே தங்கியது. 2024இல் இரண்டாம் சுற்றில் நவோமி ஒசாகாவிடம் மேட்ச் பாயிண்ட் வரை, அதாவது இன்னும் ஒரு புள்ளி போனால் ஆட்டமே முடிந்துவிடும் என்ற விளிம்பு வரை, சென்று மீண்டார். அதே அரங்கில் சில வாரங்கள் கழித்து நடந்த ஒலிம்பிக்கில் தங்கம் உறுதி என்று நாடே எதிர்பார்த்தபோது, அரையிறுதியில் சீனாவின் செங் சின்வென்னிடம் தோற்று, கண்ணீரோடு வெளியேறினார். மறுநாள் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் வென்றது போலந்துக்கு டென்னிஸில் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம். தங்கத்தை இழந்த துயரில் அதன் மதிப்பைப் பலர் உணரவில்லை.

அதன்பின் வந்தது அவருடைய வாழ்வின் மிகக் கடினமான காலம். 2024 ஆகஸ்ட் 12 அன்று, போட்டி இல்லாத நாளில் எடுக்கப்பட்ட மாதிரியில் டிரைமெட்டாசிடின் என்னும் மருந்தின் சுவடு மிகமிகக் குறைந்த அளவில் தென்பட்டது. இதய நோயாளிகளுக்குத் தரப்படும் இம்மருந்து விளையாட்டில் தடைசெய்யப்பட்டது. ஊக்கமருந்து விதிகளின்படி, உடலில் காணப்படும் பொருளுக்கு வீரரே பொறுப்பு. அது எப்படி வந்தது என்பதைக் காட்ட வேண்டிய கடமையும் அவருடையதே. நெடும்பயணங்களுக்குப் பின் உறக்கம் வருவதற்காக அவர் உட்கொண்ட மெலடோனின் மாத்திரையில், தயாரிப்பின்போதே இந்த மருந்து கலந்திருந்தது ஆய்வில் தெரியவந்தது. மருத்துவர் சீட்டின்றி போலந்தில் முறைப்படி விற்கப்படும் மாத்திரை அது. டென்னிஸ் நேர்மை முகமை இந்த விளக்கத்தை ஏற்று, பெரும் குற்றமோ கவனக்குறைவோ இல்லை என்று முடிவுசெய்து, ஒரு மாதத் தடையுடன் நிறுத்திக்கொண்டது. அவர் ஆசியப் போட்டிகளைத் தவறவிட்டதன் காரணம், நவம்பர் இறுதியில் தீர்ப்பு வெளியான பிறகே வெளியுலகுக்குத் தெரிந்தது. பேர்பெற்றவர்களுக்கு ஒரு நீதி, மற்றவர்க்கு ஒரு நீதியா என்ற கேள்வி அப்போது எழுந்தது. கலப்படத்தின் மூலத்தை விரைவில் கண்டறிய ஆய்வகங்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் செலவிடும் வசதி தரவரிசையின் அடியில் இருப்பவர்களுக்கு இல்லை என்பதால், அந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்கு விடை விதிமுறையைத் திருத்துவதில் இருக்கிறதேயன்றி, பெரும் குற்றம் இல்லாதவர் என விளங்கியவரைக் கூடுதலாகத் தண்டிப்பதில் இல்லை.

முதலிடம் அதற்குள் அரினா சபலென்காவிடம் போயிருந்தது. மூன்று ஆண்டுகள் உடனிருந்த பயிற்சியாளர் டோமாஷ் விக்டோரோவ்ஸ்கி விலக, பெல்ஜியத்தின் விம் ஃபிசெட் பொறுப்பேற்றார். 2018இல் ஆங்கெலிக் கெர்பர் விம்பிள்டன் வென்றபோது அவருக்குப் பயிற்சியாளராக இருந்தவர் இவர். 2025 ஆஸ்திரேலிய ஓபன் அரையிறுதியில் வெற்றிக்கு ஒரு புள்ளி தொலைவில் நின்றும் மேடிசன் கீஸிடம் தோற்றதும், பாரிஸ் அரையிறுதியில் சபலென்கா கடைசி செட்டை 6-0 என எடுத்ததும், இகாவின் காலம் முடிந்துவிட்டது என்று பேசவைத்தன. ஓராண்டுக்கும் மேலாக ஒரு பட்டமும் இல்லை. உளவியலாளரைச் சார்ந்திருப்பதே அவருடைய பலவீனம் என்று குறைகூறியவர்களும் உண்டு. அவர் அப்ரமோவிச்சை விடவில்லை.

பாரிஸில் இறுதியை எட்டாததால் புல்தரைப் பயிற்சிக்கு வழக்கத்தைவிடச் சில நாள்கள் கூடுதலாகக் கிடைத்தன. 2025 ஜூலை 12 அன்று விம்பிள்டன் இறுதியில், எட்டாம் நிலை வீராங்கனையாகக் களமிறங்கிய இகா, அமெரிக்காவின் ஆமண்டா அனிசிமோவாவை 6-0, 6-0 என 57 நிமிடங்களில் வென்றார். 1911க்குப் பின் அதுவரை விம்பிள்டன் மகளிர் இறுதி ஆட்டம் எதிலும் ஒரு கேம்கூட எடுக்காமல் யாரும் தோற்றதில்லை. களிமண், கடினத் தரை, புல் ஆகிய மூன்றிலும் கிராண்ட் ஸ்லாம் வென்றவர்களின் சிறு பட்டியலில் அவர் பெயர் சேர்ந்தது. கைகூடாது என்று சொல்லப்பட்ட தரையில்தான் அவருடைய மிக முழுமையான வெற்றி நிகழ்ந்திருக்கிறது.

அன்று எதிரே நின்ற அனிசிமோவாவும் 2023இல் மனச்சோர்வை வெளிப்படையாகக் கூறி, பல மாதங்கள் ஆட்டத்திலிருந்து விலகியிருந்து திரும்பியவர். கண்ணீருடன் விம்பிள்டன் அரங்கில் நின்ற அவர், இரண்டு மாதம் முடியுமுன், அமெரிக்க ஓபன் காலிறுதியில் மீண்டும் இகாவைச் சந்திக்க வேண்டியிருந்தபோது, முந்தைய இரவு அந்தத் தோல்வியின் பதிவை வேண்டுமென்றே பார்த்துவிட்டுக் களத்துக்கு வந்தார். அந்த ஆட்டத்தில் 6-4, 6-3 என்ற கணக்கில் அனிசிமோவா வென்றார்.