பன்னிரண்டும் ஆறரை லட்சமும்

1998 பிப்ரவரி 28ஆம் தேதியிட்ட ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஐந்து பக்கக் கட்டுரை ஒன்று வந்தது. லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையின் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் உடன் 12 பேரும் எழுதியது. ஆராயப்பட்ட குழந்தைகள் 12 பேர். எழுதியவர்களைவிட ஒருவர் குறைவு. அவர்களில் எட்டுப் பேருக்கு, தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர். ஊசிக்குப் பின்தான் நடத்தையில் மாற்றம் தெரிந்தது என்று பெற்றோரோ மருத்துவரோ சொல்லியிருந்தார்கள். ஊசிக்கும் ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாட்டுக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை என்று கட்டுரையே ஒப்புக்கொண்டது. செய்தியாளர் கூட்டத்திலோ, மூன்றையும் தனித்தனியாகப் போடுவதே நல்லது என்றார் வேக்ஃபீல்ட். நாடெங்கும் பரவியது இரண்டாவது பேச்சுதான்.

அன்று கையில் இருந்த சான்று, தாயின் நினைவு. அதை எளிதாகத் தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. பிரிட்டனில் முதல் தவணை 12 முதல் 15 மாதத்துக்குள் போடப்பட்டது. ஆட்டிசத்தின் அறிகுறிகள் வீட்டாருக்குப் பிடிபடுவதும் பெரும்பாலும் அதை ஒட்டிய மாதங்களில்தான். காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஆனால் பழம் தன் பிள்ளையின் தலையில் விழுந்தால், காகத்தை அண்ணாந்து பார்க்காத தாய் யார்?

இன்றுள்ள சான்று வேறு வகை. டென்மார்க்கில் ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாள எண் உண்டு. போட்ட ஊசியும் கண்டறிந்த நோயும் அந்த எண்ணோடு பதிவாகின்றன. 1999 முதல் 2010 வரை அங்கே பிறந்த 6,57,461 குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்த முடிவு 2019இல் வந்தது. ஆட்டிசம் கண்டறியப்பட்டவர்கள் 6,517 பேர். எம்.எம்.ஆர். போட்டவர்களிடம் அது கூடுதலாக இல்லை. ஆட்டிசம் உள்ள அண்ணன் அக்காவோடு பிறந்தவர்களிடமும் இல்லை. ஜப்பான் 1993இல் எம்.எம்.ஆர். ஊசியை வேறு காரணத்துக்காக நிறுத்தியது. அதன் பிறகும் யோகோஹாமாவில் ஆட்டிசக் கணக்கு ஏறிக்கொண்டே போனது.

முதல் கட்டுரையின் கதை நீளமானது. பிரையன் டீர் என்ற பத்திரிகையாளர் 2004 முதல் அதைத் தோண்டினார். ஊசி நிறுவனங்கள்மேல் வழக்குத் தொடுக்க முனைந்த வழக்கறிஞரின் வழியாக, அரசின் சட்ட உதவி நிதியிலிருந்து வேக்ஃபீல்டுக்கு நான்கு லட்சம் பவுண்டுக்கு மேல் போயிருந்தது. ஊசிக்கு முன் எல்லாக் குழந்தைகளும் இயல்பாக இருந்ததாகக் கட்டுரை கூறியது. ஐந்து பேருக்கு முன்பே வளர்ச்சி குறித்த கவலை இருந்தது மருத்துவப் பதிவுகளில் கிடைத்தது. 2010 பிப்ரவரியில் ‘லான்செட்’ கட்டுரையைத் திரும்பப் பெற்றது. மே மாதம் வேக்ஃபீல்டின் பெயர் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள்.

அதற்கும் முந்திய காலத்தில், தாயின் பாசக் குறைவால்தான் பிள்ளை இப்படி ஆனது என்று சொன்ன மனநல அறிஞர்கள் இருந்தார்கள். ஊசிதான் காரணம் என்ற பேச்சு, அந்தப் பழியிலிருந்து தாயை ஒருகணம் விடுவித்தது. மறுகணம், ஊசிக்குத் தூக்கிப்போனவள் நீதானே என்று திரும்பி வந்தது. மரபணுக்களின் பங்கு பெரிது என்று இன்று தெரியும். பழி போய்விட்டது. ஆனால் நூற்றுக்கணக்கான மரபணுக்களைப் பற்றிய விளக்கம், ‘அந்த ஊசிக்குப் பிறகுதான்’ என்பதுபோல மூன்று சொல்லில் அடங்குவதில்லை.

1990களின் நடுவில் இங்கிலாந்தில் இரண்டு வயதுக்குள் எம்.எம்.ஆர். போட்டுக்கொண்ட குழந்தைகள் 92 சதவீதம். 2003-04இல் சுமார் 80. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலுமாக 1998இல் உறுதியான தட்டம்மை 56 பேருக்கு. 2024இல் இங்கிலாந்தில் மட்டும் 2,900க்கு மேல். இந்த ஏற்றம் முழுவதையும் ஒரு கட்டுரையின் தலையில் கட்டுவது நியாயமல்ல. தட்டம்மையை நேரில் பார்த்த தலைமுறை குறைந்துவிட்டது என்பதும் உண்டு.

வேல்ஸின் ஸ்வான்சீ பகுதியில் உள்ளூர் நாளேடு ஒன்று 1997இலேயே எம்.எம்.ஆருக்கு எதிராக எழுதத் தொடங்கியிருந்தது. அங்கே 2012 இறுதியில் தட்டம்மை பரவியது. 1,200க்கும் மேற்பட்டோரைப் பிடித்தது; 25 வயது இளைஞர் ஒருவர் இறந்தார். 2013 ஏப்ரலின் சனிக்கிழமைகளில் மருத்துவமனைகளுக்கு வெளியே நீண்ட வரிசைகள். நின்றவர்களில் பலர், மடியில் ஏந்தி வந்திருக்க வேண்டிய வயதில் வராதவர்கள். இப்போது பெற்றோரின் தோள் உயரம் வளர்ந்து, சட்டைக் கையைத் தாமே மடித்துவிட்டுக்கொண்டு நின்றார்கள்.