எங்கே நின்று பார்ப்பது: மிரர்லெஸ் கேமராவும் லென்ஸ் தேர்வும்

கூட்டம் ஒன்று முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது தோழர்கள் சிலர் கேட்டார்கள்: "குழுவுக்கு ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்கலாம்னு இருக்கோம். எந்த பாடி நல்லது?" ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டுச் சேர்த்த பணம். தப்பாகப் போனால் மறுபடி சேர்க்க வருஷக்கணக்காகும். அன்று டீக்கடையில் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

பாடியை முதலில் தேர்ந்தெடுத்து, அதோடு வரும் மவுண்ட்டைக் கேள்வியில்லாமல் ஏற்று, மிச்சக் காசில் லென்ஸ் வாங்குவது என்பது விளம்பரம் நமக்குப் பழக்கிய வரிசை. இதை அப்படியே தலைகீழாக்க வேண்டும். முதலில் லென்ஸ், அப்புறம் மவுண்ட், கடைசியில்தான் பாடி.

கொஞ்சம் வரலாறு தேவைப்படுகிறது. பழைய எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே ஒரு கண்ணாடி நின்றது. அது மேலே எழும்பி இறங்க இடம் வேண்டும். அதனால் 1959இல் வந்த நிக்கான் எஃப் மவுண்ட்டில் லென்ஸ் பொருந்தும் வளையத்திலிருந்து ஃபிலிம் வரை 46.5 மி.மீ., 1987இல் வந்த கேனான் இஎஃப்பில் 44 மி.மீ. தூரம். 2008இல் ஒலிம்பஸும் பானசோனிக்கும் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸை அறிவித்தபோது கண்ணாடி போய்விட்டது. தூரமும் சுருங்கிவிட்டது. இன்று சோனி இ மவுண்ட்டில் 18 மி.மீ., நிக்கான் இஸட்டில் 16, கேனான் ஆர்எஃப்பில் 20. இந்தச் சுருக்கத்தில் நமக்கு ஒரு லாபம் உண்டு. பழைய லென்ஸுக்கும் புதிய பாடிக்கும் நடுவே மிஞ்சும் இடத்தில் ஒரு அடாப்டரைச் சொருகிவிடலாம். உள்ளே கண்ணாடிச் சில்லு ஏதும் இல்லாத வெறும் குழாய்தான் அது. ஃபோகஸைக் கையால் திருப்பத் தயார் என்றால் பழைய 50 மி.மீ. லென்ஸ் ஒன்று கிட்டத்தட்ட எல்லா மிரர்லெஸ்ஸிலும் வேலை செய்யும்.

இனி லென்ஸுக்கு வருவோம். எத்தனை மி.மீ. என்ற கேள்விக்குள் நாம் எங்கே நிற்கப்போகிறோம் என்ற கேள்வி ஒளிந்திருக்கிறது. 200 மி.மீ. லென்ஸ் இருந்தால் ரோட்டின் அந்தப் பக்கம் நின்றுகொண்டு, அழுகிற பெண்ணின் முகத்தை அவளுக்குத் தெரியாமலேயே எடுத்துவிடலாம். 35 மி.மீ.யில் அது நடக்காது. பக்கத்தில் போக வேண்டும், பேச வேண்டும், அவள் "எடுக்காதே" என்று சொல்வதற்கு வாய்ப்புத் தர வேண்டும். பார்ப்பவருக்கும் பார்க்கப்படுபவருக்குமான அதிகார உறவை இந்த எண்ணே பாதி தீர்மானித்துவிடுகிறது. டெலி லென்ஸே கூடாது என்று நான் சொல்லவில்லை. தடியடியைத் தள்ளி நின்றுதான் பதிவுசெய்ய முடியும். ஆனால் குழுவின் முதல் லென்ஸ் எது என்று கேட்டால், 35 மி.மீ. அல்லது அதற்குச் சமமான, எஃப் 1.8 அல்லது எஃப் 2 திறப்புள்ள ஒன்று என்றே சொல்வேன். எடையும் குறைவு. 70-200 எஃப் 2.8 லென்ஸ் ஒன்றே ஒரு கிலோவைத் தாண்டும். ஊர்வலத்தில் நாலு மணிநேரம் அதைக் கழுத்தில் தொங்கவிட்டுப் பாருங்கள், தெரியும்.

'சமமான' என்ற சொல்லை விளக்கியாக வேண்டும். ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36 × 24 மி.மீ. ஏபிஎஸ்-சி அதைவிடச் சிறியது, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் அதைவிடவும் சிறியது (17.3 × 13). ஃபுல் ஃப்ரேமில் 35 மி.மீ. காட்டும் பரப்பை ஏபிஎஸ்-சியில் 23 மி.மீ.யும் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 17 மி.மீ.யும் காட்டும். சென்சார் சிறிதானால் மங்கிய வெளிச்சத்தில் படத்தில் மணல்மணலாகப் புள்ளி தெரிவது கூடும். பதிலுக்கு லென்ஸ் சிறுக்கும், விலையும் பெரும்பாலும் இறங்கும். பத்திரிகையில் அச்சாகப்போகும் படத்துக்கும், ஆவணத்துக்காக எடுக்கும் படத்துக்கும் ஏபிஎஸ்-சி தாராளமாகப் போதும். 'ஃபுல்' என்ற சொல்லே மற்றதையெல்லாம் குறையாக்கிக் காட்டுகிற ஒரு சொல்லாடல்.

அடுத்து மவுண்ட். இதைச் சொத்துறவாகப் பார்க்க வேண்டும். வளையம் வெறும் உலோகம். லென்ஸும் பாடியும் மின்தொடர்பு வழியாகப் பேசிக்கொள்ளும் மொழிதான் கம்பெனியின் கையில் இருக்கிறது. 2011இல் சோனி தன் இ மவுண்ட்டின் அடிப்படை விவரங்களைக் கட்டணமில்லாமல் மற்ற தயாரிப்பாளர்களுக்குத் தர முன்வந்தது. தர்மம் பார்த்துச் செய்ததல்ல, சந்தை பிடிக்கச் செய்தது. ஆனாலும் இன்று சிக்மா, டாம்ரான் போன்றவர்களின் விலை குறைந்த லென்ஸ்கள் அதற்கு ஏராளம். கேனான் ஆர்எஃப் 2018இல் வந்தது. ஆட்டோஃபோகஸ் உள்ள சிக்மா, டாம்ரான் லென்ஸ்கள் அதற்கு உரிமத்தோடு அறிவிக்கப்பட 2024 ஆயிற்று, அதுவும் ஏபிஎஸ்-சிக்கு மட்டும். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸும், 2018இல் லைக்கா, பானசோனிக், சிக்மா கூட்டாக அறிவித்த எல் மவுண்ட்டும் பல கம்பெனிகள் பகிர்ந்துகொள்பவை.

மவுண்ட் செத்தும் போகும். 2011இல் வந்த நிக்கான் 1 வரிசை 2018இல் நிறுத்தப்பட்டது. 2012இல் வந்த கேனான் இஎஃப்-எம்மும் இன்று இல்லை. அதை வாங்கியவர்கள் கையில் லென்ஸ் நல்லபடியாகவே இருக்கிறது, பொருத்த புதுப் பாடிதான் கிடையாது. பாடி ஐந்தாறு வருஷத்தில் பழசாகிவிடும். லென்ஸ் பூஞ்சை பிடிக்காமல் காப்பாற்றினால் இருபது வருஷம் உழைக்கும். அதனால் அந்த மவுண்ட்டில் நம் லென்ஸ் செகண்ட்ஹேண்டில் கிடைக்கிறதா, ரிப்பேர் பார்க்க நம் பக்கத்து ஊரில் ஆள் உண்டா என்று விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள். "என்கிட்ட பழைய நிக்கான் லென்ஸ் இருக்கே" என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: நிக்கானின் எஃப்டிஇஸட் அடாப்டருக்குள் மோட்டார் கிடையாது. ஏஎஃப்-டி வகை லென்ஸ்களில் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

கடைசியாக பாடி. மூன்று விஷயம் பார்த்தால் போதும். ஒன்று, எலக்ட்ரானிக் வியூஃபைண்டர். அளவுமானி காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். பின்னால் வெள்ளை வானமோ வெள்ளைச் சுவரோ இருந்தால் நம் கறுத்த முகங்கள் மேலும் இருண்டு விழும். கருவியின் 'சராசரி' நடுநிலையானதல்ல. மிரர்லெஸ்ஸில் இந்தத் தப்பை அமுக்குவதற்கு முன்பே பார்த்துவிடலாம். எக்ஸ்போஷரை ஒரு படி ஏற்றினால் முகம் திரும்ப வரும். இரண்டு, சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர். சாவு வீட்டிலும் விசாரணைக் கூட்டத்திலும் இது பெரிய உதவி. ஆனால் நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு வினாடிக்கு 100 முறை துடிக்கும். டியூப் லைட் ஹாலில் வேகம் கூட்டினால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். 1/100 அல்லது 1/50இல் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று, பேட்டரி. திரை எப்போதும் எரிவதால் ஒரு சார்ஜுக்கு முந்நூறு, நானூறு படம்தான் என்று வைத்துக்கொள்ள வேண்டும். கூடுதலாக இரண்டு பேட்டரியை விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். பாடிக்குள் இருக்கும் ஸ்டெபிலைசேஷன் நம் கைநடுக்கத்தைத்தான் திருத்தும், எதிரே ஓடுகிற மனிதரை நிறுத்தாது. அதற்காகக் காசைக் கொட்ட வேண்டாம்.

ஆகவே தோழர்களுக்கு என் கணக்கு இது. சேர்ந்த பணத்தில் பாதிக்கு மேல் லென்ஸுக்கு ஒதுக்குங்கள். 35 மி.மீ.க்குச் சமமான ஒன்று இப்போது, பணம் வரும்போது ஒரு டெலி. பாடி ஒரு தலைமுறை பழையதாக, செகண்ட்ஹேண்டாக இருக்கட்டும். வாங்குமுன் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை பாருங்கள். அதற்கும் முன்னால் குழு உட்கார்ந்து பேச வேண்டிய ஒன்று பாக்கி இருக்கிறது: யாரைப் படம் எடுக்கப்போகிறோம், அவர்களுக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கப்போகிறோம்? இதைக் கடைக்காரரிடம் கேட்டுப் பயனில்லை. அதை நாம் முடிவு செய்துகொண்டு போனால், மிச்சத்தை அவர் எடுத்துக் கொடுப்பார்.