டெட்லிஃப்டில் கணைக்கால் ஏன் உரிகிறது?

கட்டில் காலில் இடித்துக்கொண்டவர்களுக்குத் தெரியும், கணைக்கால் அடி எப்படி உயிரை வாங்கும் என்று. முன்பக்கம் எலும்பின் மேல் தோல்தான். அடியைத் தாங்கச் சதை கிடையாது. எலும்பைப் போர்த்திய சவ்விலோ நரம்புகள் நிறைய. தரையிலிருந்து எடையைத் தூக்கும் டெட்லிஃப்ட் பயிற்சியில் அந்த இடத்தை ஒட்டித்தான் இரும்பு பார் மேலேறுகிறது.

அப்படியானால் பாரைத் தள்ளிப் பிடிக்கலாமே? கூடாது. 100 கிலோ பார் 5 செ.மீ. முன்னால் நகர்ந்தால், இடுப்பு மூட்டின் மீதான திருப்புவிசை சுமார் 49 நியூட்டன் மீட்டர் கூடிவிடும். காலைக் காப்பாற்றப் போய் முதுகைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

தோல் உரிவதற்குப் பெரும்பாலும் முழங்கால்தான் காரணம். நாற்காலியில் உட்காருவதுபோல் இடுப்பை மிகவும் தாழ்த்தினால் முழங்கால் முன்னே வரும், கணைக்கால் சாயும். நேராக எழ வேண்டிய பார் அந்தச் சரிவில் உரசிக்கொண்டே ஏறும்.

நிற்கும்போது பார் பாதத்தின் நடுவுக்கு மேல், கணைக்காலிலிருந்து இரண்டு மூன்று செ.மீ. தள்ளி இருக்கட்டும். குதிகாலையும் சேர்த்து அளந்த நடு அது. பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். குனிந்து பிடித்தபின் பாரை நகர்த்தாமல், கணைக்கால் அதைத் தொடும்வரை மட்டும் முழங்காலை மடக்குங்கள். இறக்கும்போது முதலில் இடுப்பு பின்னே போகட்டும்; பார் முழங்காலைத் தாண்டிய பிறகு முழங்காலை மடக்கலாம்.

நீளச் சாக்ஸ் போட வெட்கப்பட வேண்டாம். சர்வதேச பவர்லிஃப்டிங் கூட்டமைப்பின் போட்டிகளில் டெட்லிஃப்டுக்கு அது கட்டாயம். ரத்தம் பட்டால் பாரைத் துடைத்துவிட்டுப் போங்கள், அடுத்தவரும் அதைத்தான் பிடிக்க வேண்டும்.