ஓடையை மறிச்சுக் குளிக்கிறோம், சரி... கரை தாங்குமா?

கம்பம் பள்ளத்தாக்கில் விவசாயத்தோடு சேர்த்துச் சுற்றுலாவும் ஒரு வருமானமாகி வருகிறது. தேக்கடி போகிறவர்கள் வழியில் இறங்கித் திராட்சைத் தோட்டம் பார்க்கிறார்கள். சுருளியில் குளிக்க வருகிறார்கள், மேகமலை ஏறுகிறார்கள். தோட்டத்தில் இரண்டு அறை போட்டு, கம்பங்கூழும் நாட்டுக்கோழிக் குழம்பும் கொடுத்து, இரவு தங்க வைத்தால் நாலு காசு பார்க்கலாம் என்று நம் இயற்கை விவசாயிகளும் யோசிக்கிறார்கள். தப்பே இல்லை. விளைச்சலுக்கு விலை இல்லாத காலத்தில் இதுவாவது கைகொடுக்கட்டுமே.

ஆனால் அறைக்கு அடுத்து எல்லோருக்கும் வருகிற ஆசை ஒன்று உண்டு: தண்ணி. மலையடிவாரத் தோட்டமென்றால் ஓரத்தில் ஒரு ஓடை இருக்கும். ஜே.சி.பி.யை விட்டு ரெண்டு நாள் மண்ணைத் தள்ளினால் கரை ரெடி. பிள்ளைகள் நீந்தலாம், மீன் விடலாம், ஒரு பரிசல் போடலாம், கோடையில் தோட்டத்துக்கும் பாய்ச்சிக்கலாம். 'சின்ன அணைதானேப்பா, என்ன ஆகிடப் போகுது?' என்று அதோடு பேச்சு முடிந்துவிடும்.

எவ்வளவு சின்னது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கர் பரப்பில் சராசரி ஆறடி ஆழத்துக்கு நீர் நின்றால் 74 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணி லாரி அறுநூறு! அத்தனையும் உங்கள் கரைக்குப் பின்னால், கீழே இருக்கிற தோப்பையும் வீட்டையும் பார்த்தபடி நிற்கிறது. மண்கரை ஒருமுறை வாய் பிளந்துவிட்டால் மணிக்கணக்கெல்லாம் ஆகாது, நிமிடங்களில் மொத்தமும் போய்விடும்.

நம்ம ஊரில் முல்லைப் பெரியாறு பற்றிப் பேசாத டீக்கடை கிடையாது. 1895இலிருந்து நிற்கிற அணை. 142 அடி வரை தேக்கலாம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அங்கே கண்காணிப்புக் குழு இருக்கிறது, கசிவு நீரை அளக்கிறார்கள், நீர்மட்டம் அடிக்கணக்கில் நாளிதழில் வருகிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் போட்ட கரையில் எத்தனை அடி தண்ணி நிற்கிறது என்று கேட்க ஆளில்லை. சட்டமும் கேட்பதில்லை. 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளுக்குத்தான். 10 முதல் 15 மீட்டர் வரை என்றால் நீளம், கொள்ளளவு, வெள்ள அளவு போன்றவற்றில் ஏதாவது ஒரு வரம்பைத் தாண்டியிருக்க வேண்டும். நாலைந்து மீட்டர் கரை அந்தச் சட்டத்தின் கண்ணுக்கே தெரியாது.

பொழுதுபோக்குக்காக ஒரு தனியார் வைத்திருந்த அணை என்ன செய்யும் என்பதற்கு உலகமே படிக்கிற பாடம் அமெரிக்காவில் இருக்கிறது. பென்சில்வேனியா மாநிலத்தில் சவுத் ஃபோர்க் என்கிற மண் அணை. உயரம் 72 அடி. கால்வாய்ப் போக்குவரத்துக்கு நீர் கொடுக்க அரசு கட்டியது. ரயில் வந்ததும் கால்வாய்க்கு வேலையில்லாமல் போய், அணை கைமாறி, 1879இல் ஒரு பணக்காரர் மன்றத்திடம் வந்து சேர்ந்தது. மீன் பிடிக்கவும் படகு விடவும் ஒரு ஏரி, கரையில் மாளிகைகள். கார்னெகி, ஃப்ரிக் போன்ற எஃகுக் கோடீஸ்வரர்கள் உறுப்பினர்கள்.

அவர்களுக்கு முன்பிருந்தவர் அடிமடையின் இரும்புக் குழாய்களைப் பிடுங்கிப் பழைய இரும்புக்குப் போட்டிருந்தார். மன்றம் அதைத் திரும்பப் பொருத்தவில்லை. அதாவது, நினைத்தால் ஏரியை வடிக்க வழியே இல்லை. குதிரை வண்டி போக அகலம் வேண்டுமென்று கரையின் தலையைச் சீவி உயரத்தைக் குறைத்தார்கள். காசு கொடுத்து வாங்கிவிட்ட மீன் வெள்ளத்தில் போய்விடக் கூடாதே என்று மறுகால் வாயில் கம்பி வலை அடித்தார்கள். கீழே ஜான்ஸ்டவுன் நகரத்து இரும்பாலை 1880இல் ஒரு பொறியாளரை அனுப்பிப் பார்க்க வைத்தது. வடிகுழாய் இல்லையே என்று அவர் எழுதிக் கொடுத்தார். எங்களால் உங்களுக்கு ஆபத்தில்லை என்று மன்றத்திலிருந்து பதில் போனது.

1889 மே 31. இரவெல்லாம் பெருமழை. மறுகால் வலையில் கட்டையும் குப்பையும் அடைத்துக்கொண்டது. ஏரி ஏறி, சீவிவிட்ட கரையின் மேல் வழிந்து, பிற்பகலில் கரை போனது. 23 கிலோமீட்டர் கீழே இருந்த ஜான்ஸ்டவுனை ஒரு மணி நேரத்தில் வெள்ளம் அடைந்தது. இறந்தவர்கள் 2,209 பேர். நீதிமன்றம் போனவர்களுக்கு மன்றத்திடமிருந்து எதுவும் கிடைக்கவில்லை.

மீன் தப்பாமல் இருக்க மறுகாலில் வலை கட்டுவது நம் பண்ணைக்குட்டைகளிலும் நடக்கிற விஷயம்தான். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

பக்கத்துக் கேரளத்துக்கு வருவோம். மலப்புறம் மாவட்டத்தின் மலைச்சரிவில், கக்காடம்பொயில் பகுதியில், ஒரு தனியார் இயற்கை ஓடையை மறித்துக் கேளிக்கைக்காகத் தடுப்பணை கட்டியிருந்தார். மாவட்ட நிர்வாகம் 2017இல் அகற்றச் சொன்னது. வழக்கு உயர் நீதிமன்றம் போனது. 2018 ஜூன் 14 அன்று கோழிக்கோடு மாவட்டம் கட்டிப்பாறை அருகே கரிஞ்சோலை மலை சரிந்து 14 பேர் மாண்டார்கள். அந்த மலையின் உச்சியில் தனியார் கட்டிக்கொண்டிருந்த நீர்த்தொட்டியும் ஒரு காரணம் என்று ஊர் மக்கள் குற்றம் சாட்டினார்கள். அதே மழைக்காலத்தில்தான் அந்தத் தடுப்பணை நீரை வெளியேற்றும்படி நீதிமன்ற உத்தரவு வந்தது. அதே ஆண்டு மே மாதம் கென்யாவில் சோலாய் என்ற ஊருக்கு மேலே ஒரு பெரும்பண்ணையின் சொந்த அணை உடைந்து 48 பேர் இறந்தார்கள். அது பூ விவசாயம் செய்த பண்ணை, கேளிக்கைக்கான இடம்கூட இல்லை.

உடைந்தால் யார் பொறுப்பு? இங்கே நம் பழைய மதராஸ் மாகாணத்து வழக்கு ஒன்று சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கப்படுகிறது. கார்வேட்டிநகரம் ஜமீனில் பெருமழையில் ஏரி உடைந்து ரயில் பாதையை அடித்துப் போனது. ரயில் கம்பெனி நட்ட ஈடு கேட்டது. தன் நிலத்தில் நீரைத் தேக்கியவன் அது தப்பிப்போய்ச் செய்கிற சேதத்துக்கு, கவனக்குறைவு இல்லாவிட்டாலும் பொறுப்பு என்று இங்கிலாந்தில் 1868இல் தீர்ப்பாகியிருந்தது. ஆனால் 1874இல் லண்டன் பிரிவி கவுன்சில் ஜமீன்தார் பக்கம் நின்றது. ஏரிகள் காலங்காலமாக ஊர்ப் பாசனத்துக்கு இருப்பவை, அவற்றைப் பராமரிப்பது அவருடைய கடமை, கவனக்குறைவு நிரூபிக்கப்படாதபோது அவரைப் பொறுப்பாக்க முடியாது என்றது. ஊர்க்கண்மாய்க்குக் கிடைத்த அந்த நியாயத்தை நீச்சலுக்குக் கட்டிய தடுப்பு கேட்க முடியுமா? நான் நினைக்கிறேன், முடியாது.

இன்னொன்று, ஓடை உங்கள் பட்டாவுக்குள் புகுந்து போனாலும் பதிவேட்டில் ஓடைப் புறம்போக்கு என்றிருந்தால் அது அரசுச் சொத்து. நீர்வளத் துறை அனுமதியில்லாமல் மறிக்கக் கூடாது. மலைச்சரிவுக் கிராமங்களில் கூடுதலாக மலைப்பகுதிப் பாதுகாப்பு விதிகளும் உண்டு. அருவி நீரைத் திருப்பிச் செயற்கை அருவி விட்ட தனியார் விடுதிகள் விவகாரம் 2022இல் மதுரைக் கிளை உயர் நீதிமன்றத்துக்கே போனது நினைவிருக்கும்.

அப்போ தண்ணியே வேணாமா? வேணும். ஆனா கரை கட்டித் தேக்காதீங்க, குழி வெட்டித் தேக்குங்க. ஓடையை விட்டுத் தள்ளி, பட்டா நிலத்தில், தரைமட்டத்துக்குக் கீழே நிற்கிற நீர் உடைந்து ஓட முடியாது. மழைநீரை ஒரு வாய்க்கால் வழியாக அதற்குள் விட்டு, நிறைந்ததும் வாயை அடைத்துவிடலாம்.

ஏற்கெனவே கரை போட்டிருப்பவர்கள் முதலில் மறுகாலைப் பாருங்கள். மண்கரைகள் உடைவதற்கு முக்கியக் காரணம் நீர் தலைக்கு மேல் வழிவது. உங்கள் ஓடைக்கு 40 ஏக்கர் சரிவிலிருந்து நீர் வருகிறது என்று வையுங்கள். வானிலைத் துறை மேகவெடிப்பு என்று சொல்கிற அளவு, மணிக்கு 10 சென்டிமீட்டர் மழை, பெய்கிறது. அதில் பாதி மண்ணுக்குள் போனாலும் மீதி 80 லட்சம் லிட்டர் ஓடி வரும். மேலே சொன்ன ஒரு ஏக்கர் குளம் காலியாக இருந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் நிறைந்துவிடும். நிறைந்த குளமென்றால் விநாடிக்கு 2,200 லிட்டரை வெளியே அனுப்பியாக வேண்டும். பலர் மறுகால் என்று வைத்திருப்பது ஆறு அங்குல பி.வி.சி. குழாய். வாய்க்கு மேல் இரண்டு மூன்று அடி நீர் நின்றாலும் அது விநாடிக்கு 50 லிட்டரைத் தாண்டாது. தேவையானது சுமார் 15 அடி அகலத்துக்கு, ஒன்றரை அடி ஆழத்தில் நீர் ஓடக்கூடிய திறந்த மறுகால். அதுவும் கரை மண் மேல் இல்லாமல் பக்கத்துக் கெட்டி நிலத்தில், கல் பாவி இருக்கணும். அந்த நீர் ஓட்டத்துக்கு மேலும் கரை இரண்டு மூன்றடி உயர்ந்து நிற்கணும். வலை வேண்டவே வேண்டாம். நாலு மீன் போனால் போகட்டும்.

அடுத்தது கசிவு. கரையின் வெளிப்புற அடியில் தெளிந்த நீர் கொஞ்சம் கசிந்தால் கண்காணிக்கலாம். கலங்கலாக வந்தால் நீர் உள்ளே மண்ணைத் தின்கிறது என்று பொருள். அன்றைக்கே மட்டத்தைக் குறைக்கத் தொடங்கி, கீழே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். மளமளவென்று திறந்துவிட்டால் உள்பக்க ஈரமண் சரியும், ஆகவே அவசரம் இல்லாதபோது நிதானமாக வடியுங்கள். கரைக்குள் புதைத்த குழாயின் ஓரம், பட்ட மரத்தின் வேர் போன வழி, எலி வளை, நண்டு வளை எல்லாம் கசிவுக்குப் பாதை. மகாராஷ்டிரத்தில் 2019 ஜூலையில் திவரே அணை உடைந்து ஊரே அடித்துப் போனபோது அமைச்சர் ஒருவர் பழியை நண்டுகள் மேல் போட்டார். நாடே சிரித்தது. வரப்பில் நண்டு வளையை மிதித்து அடைக்கிற நம் ஆட்களுக்கு அதில் பாதி உண்மை இருப்பது தெரியும். மீதிப் பாதி, கசிகிறது என்று ஊர்க்காரர்கள் முன்பே கொடுத்த புகார்.

கரை உடையாமலும் உயிர் போகும். பிளாஸ்டிக் தாள் விரித்த குட்டையில் பாசி பிடித்தால் பெரியவர்களே ஏறி வர முடியாது, வழுக்கி வழுக்கி உள்ளேதான் போவார்கள். நான்கு பக்கமும் முடிச்சுப் போட்ட கயிறு, காற்றடித்த டயர் டியூப், பூட்டு போட்ட வேலி, இவ்வளவும் இருந்தால் ஒழிய விருந்தாளிகளின் குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். தடுப்பணைக்குக் கீழே நீர் விழுந்து சுழலும் இடத்தில் நீச்சல் தெரிந்தவரும் மாட்டுவார்.

ஐப்பசி மழை பிடிக்கும் முன், புரட்டாசியிலேயே ஒரு நாள் ஒதுக்குங்கள். கரை மேல் நடந்து தாழ்ந்த இடத்தில் மண் போட்டு இடித்து, மறுகாலைச் சுத்தம் செய்து, மதகை ஒருமுறை திறந்து மூடிப் பார்த்து, நீர்மட்டத்தை ஒரு மூன்றடி இறக்கி வையுங்கள். மதகுச் சாவி யாரிடம் இருக்கிறது, ராத்திரி ஒரு மணிக்கு மழை கொட்டினால் அங்கே போவது யார் என்பதையும் முடிவு செய்துவிட்டு, ஓடைக் கீழ்க்கரையில் இருக்கிற தோட்டத்துக்காரர்களின் கைப்பேசி எண்களை மோட்டார் அறைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.