கண்டிக்கா, கிட்டவுள்ள ஆஸ்பத்திரிக்கா?

ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒருவருக்குத் திடீரென வாய் கோணி, பேச்சுக் குழறி, ஒரு பக்கக் கை கால் விழுந்துவிட்டால் லயத்து வாசலிலேயே வாக்குவாதம் தொடங்கிவிடும். "இங்க கொண்டு போனாலும் கண்டிக்குத்தான் மாத்தி அனுப்புவாங்க, நேரா அங்கயே போயிருவோம்" என்பார் மகன். "அம்புட்டுத் தூரம் தாங்குமா?" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். விவரம் தெரியாதவர்கள் பேச்சு என்று இதைத் தள்ளிவிட முடியாது. இதே கேள்விக்கு விடை தேடி ஸ்பெயினில் நரம்பியல் நிபுணர்கள் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆய்வு நடத்தியிருக்கிறார்கள்.

பாரிசவாதம் பெரும்பாலும் மூளைக்குப் போகும் குழாயை இரத்தக் கட்டி ஒன்று அடைப்பதால் வருகிறது. சிலருக்குக் குழாய் வெடித்து இரத்தம் கசிகிறது. லயத்தின் கடைசி வீட்டில் தண்ணீர் நின்றுபோனால், குழாய் அடைத்ததா உடைந்ததா என்று அந்த வீட்டுப் பைப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது அல்லவா, அப்படித்தான். வெளியே தெரியும் அறிகுறிகளை வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது; சீ.டி. ஸ்கேன் வேண்டும். கட்டியைக் கரைக்கும் ஊசி அடைப்புக்கு மருந்து, கசிவுக்கு எமன். வீட்டிலேயே அஸ்பிரினைக் கொடுத்து அனுப்புவது ஆபத்தாவதும் இதனால்தான். தெம்புக்கென்று தேத்தண்ணி பருக்குவதும் வேண்டாம். விழுங்கும் சக்தி போயிருந்தால் அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.

அந்த ஊசி 3 மணி நேரத்துக்குள் போட்டால் பலன் தரும் என்று 1995இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. 2008இல் ஐரோப்பிய ஆய்வு அதை நாலரை மணி நேரமாக நீட்டியது. ஆனால் பெரிய குழாயில் சிக்கிய பெரிய கட்டி ஊசிக்கு லேசில் மசியாது. தொடை இடுக்கு வழியாக மெல்லிய குழாயை மூளை வரை செலுத்தி அதை இழுத்தெடுக்க வேண்டும். 2015இல் அடுத்தடுத்து வெளியான ஐந்து ஆய்வுகள் இதன் பலனை உறுதிசெய்தன. பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்பது 2006இல் போடப்பட்ட கணக்கு. ஊசியைச் சிறிய ஆஸ்பத்திரியிலும் போடலாம். கட்டியை இழுத்தெடுக்கப் பெரிய ஆஸ்பத்திரிதான் வேண்டும். எதை முதலில் பிடிப்பது?

ஸ்பெயினின் கட்டலோனியாவில் 2017 முதல் 2020 வரை 1,401 நோயாளிகளைப் பிரித்து, ஒரு சாராரை நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கும், மறுசாராரை முதலில் கிட்டவுள்ள ஆஸ்பத்திரிக்கும் அனுப்பினார்கள். 90 நாள் கழித்துப் பார்த்தால், அடைப்பு நோயாளிகளிடம் வித்தியாசமே இல்லை. நேராகப் போனவர்களில் கூடுதலானோருக்குக் கட்டி எடுக்கப்பட்டது. கிட்டப் போனவர்களில் கூடுதலானோருக்கு ஊசி கிடைத்தது. கசிவு நோயாளிகளுக்கோ நேராகத் தூரத்துக்குக் கொண்டுபோனது கெடுதலாகவே முடிந்தது.

அப்படியானால் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதுதான் சரியா? அவசரப்பட வேண்டாம். கட்டலோனியாவின் சிறிய ஆஸ்பத்திரிகளில் ஸ்கேனும் ஊசியும் உண்டு. ஸ்கேன் இல்லாத இடத்தில் இறக்கிப் படுக்க வைப்பது வெறும் தாமதம். தோட்டத்தில் உள்ளவர்கள் கிலோமீற்றரைக் கேட்பதைவிட, "இந்நேரம் அங்கே ஸ்கேன் எடுப்பார்களா?" என்று கேட்பதுதான் உதவும்.

நேரம் ரோட்டில் மட்டும் போவதில்லை. ஓர் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த பாரிசவாத நோயாளி, இன்னொன்றுக்கு மாற்றப்பட்டு வாசலைத் தாண்ட எவ்வளவு நேரமாகிறது என்று அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். 2023இல் வெளியான அந்த ஆய்வில் இடைநிலை அளவு 174 நிமிடம். நுவரெலியாவிலிருந்து ரம்பொடை வளைவுகளை எல்லாம் கடந்து கண்டிக்குப் போய்ச் சேரவே பொதுவாக இவ்வளவு நேரம் ஆகாது! அம்புலன்ஸ்காரர் முன்கூட்டியே தகவல் சொன்ன இடங்களில் அந்தக் காத்திருப்பு குறைந்திருந்தது. கிடைத்த ஆட்டோவில் ஏற்றுவதைவிட 1990 அம்புலன்ஸை அழைப்பது மேல் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். 2016இல் மேல், தென் மாகாணங்களில் இந்திய உதவியோடு தொடங்கிய அந்த இலவசச் சேவை இப்போது மலையகத்திலும் ஓடுகிறது.

ஆஸ்பத்திரியில் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "கடைசியாக எத்தனை மணிக்கு நல்லாயிருந்தார்?" என்பது. நாலரை மணி நேரம் அங்கிருந்துதான் ஓடத் தொடங்குகிறது. விழுந்துகிடந்ததைக் கண்ட நேரம் கணக்கில் வராது. இந்த விஷயத்தில் தோட்டத்துக்கு ஒரு வசதி உண்டு. காலைப் பெரட்டில் பெயர் கொடுத்தாரா, கொழுந்து நிறுக்கும்போது கூடையோடு வந்து நின்றாரா என்பது கணக்கப்பிள்ளைக்குத் தெரியும். அந்த நேரத்தை ஒரு துண்டில் எழுதி நோயாளியோடு அனுப்பினால் வைத்தியருக்குப் பாதி வேலை மிச்சம்.

மலைநாட்டுக்குப் பொருந்தும் பாடம் கட்டலோனியாவைவிட இமாச்சலப் பிரதேசத்தில் இருக்கிறது. அங்கும் வளைவுப் பாதை, அங்கும் நரம்பியல் நிபுணர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். 2014இல் தொடங்கிய திட்டத்தில், ஸ்கேன் உள்ள மாவட்ட ஆஸ்பத்திரியின் பொது மருத்துவர் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். பெரிய மருத்துவக் கல்லூரியில் இருக்கும் நிபுணர் அதைப் பார்த்து, போடலாமா வேண்டாமா என்கிறார். அரசு இலவசமாகக் கொடுத்த ஊசி மாவட்ட ஆஸ்பத்திரியிலேயே ஏறுகிறது. நோயாளியைக் கண்டிக்கு அனுப்புவதற்கு முன்னால் அவருடைய ஸ்கேனைக் கண்டிக்கு அனுப்ப நமக்கும் ஒரு கைபேசியும், நடுச்சாமத்திலும் அதை எடுத்துப் பேச ஒரு நிபுணரும் போதும்.